நெஞ்சில் வைக்காத தாள்

ஷிரோகோ,
ஏப்ரல் 12, 2004

சயோகோவுக்கு,

அன்றைக்கு இருந்தவர்கள்: என் மகன் இசாமுவின் சவப்பெட்டித் தலைமாட்டில் நான். கால்மாட்டில் நீ. உன் விரலைப் பிடித்துக்கொண்டு மாயு. சன்னலோரம் உன் மாமனாரின் தம்பி ஷோகிச்சி, செருமிக்கொண்டே. அவருக்குப் பக்கத்தில், நாம் செதுக்குகிற கிமோனோச் சாய அச்சுத்தாளை வாங்கி விற்கிற ஹமாஜி, இரவல் கறுப்புக் கோட்டில். மந்திரம் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில் பிக்கு. நிலைப்படியில், உள்ளே வரத் துணிவில்லாமல், இசாமுவின் கூட்டாளி தொகுவோ. இத்தனை பேர்தான். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் யார் எங்கே நின்றார்கள், யார் யாருடைய முகத்தைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் மறக்காது.

இத்தனை பேர் முன்னால் ஷோகிச்சி உன்னைக் கேட்டார். "அவன் கடைசியாக் குத்தின தாள் எங்கேம்மா? எடுத்து நெஞ்சுமேல வைங்க. நேரமாகுது."

நீ தலையைத் தூக்காமல் சொன்னாய். "கடைசித் தாள்னு எதுவும் இல்லீங்க மாமா."

"இல்லையா? செதுக்கறவன் வீட்டுல தாள் இல்லையா? மீன்காரன் வீட்டுல செதில் இல்லேங்கற மாதிரி இருக்கே."

நான் எழுந்து போய் அவனுடைய அலமாரியைத் திறந்தேன். காலி.

இந்த வீட்டு வழக்கம் உனக்குப் புதிதா? என் மாமனார் போனபோது அவர் கடைசியாகச் செதுக்கிய தாமரைத் தாள் நெஞ்சில் போனது. உன் மாமனார் போனபோது அவர் கீறிய கோட்டுத் தாள் போனது. அந்தக் கோடுகள் விலகாமலிருக்க நடுவே பட்டு நூல் வைத்து ஒட்டியவள் நான்தான். இசாமு மட்டும் வெறுங்கையோடு போனான். இரும்பு போடக்கூடாது என்று எரிகூடத்தில் சொல்லிவிட்டதால் குத்தூசியும் போகவில்லை. தொழிலாளி என்று மேலுலகத்தில் யாரிடம் எதைக் காட்டுவான்?

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பெட்டி கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாய். அந்தப் பெட்டியில் தாள் இருந்தது என்று எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பு. அவன் சமாதியிலாவது வைக்கிறேன்.

மாயுவுக்கு இருமல் நின்றதா? அங்கே இன்னும் குளிராக இருக்கும், கழுத்தில் துணி சுற்றி அனுப்பு. எனக்கு முழங்கால் வலி. சாகிற வலி இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் என் கண்ணாடியைக் குறை சொல்.

கினு

*

ஹிரோசாகி,
மே 2

அத்தைக்கு,

கோட்டை அகழியில் செர்ரிப் பூ கொட்டித் தண்ணீரே தெரியவில்லை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? பக்கத்து வீட்டு ஹட்சுவேயம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், வாரம் ஒரு முறை வந்து பார்ப்பார். அவரை விரட்டிவிடாதீர்கள்.

மாயுவின் இருமல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். "நீங்கதான் விநோதமாப் பேசறீங்க" என்று திருப்பிச் சொல்லிவிட்டு வந்தாள். யாருடைய பேத்தி என்று நினைத்துக்கொண்டேன். நான் என் அண்ணனின் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பூ விரிந்ததும் நடுப்பூவை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும்.

தாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்குச் சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கோபப்படாதீர்கள் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

இரவில் மெத்தையை விரிக்க மறக்காதீர்கள். வெறும் பாயில் படுக்காதீர்கள்.

சயோகோ

*

ஷிரோகோ,
மே 11

சயோகோவுக்கு,

நான் பாயில் படுக்கிறேனா, பரணில் படுக்கிறேனா என்பது இருக்கட்டும். ஹட்சுவே வந்தாள். அவள் பேரன் கல்யாணத்தைப் பற்றியே பேசிவிட்டு என் ஊறுகாயைத் தின்றுவிட்டுப் போனாள்.

தாள் இல்லை என்கிறாய். நான் இருக்கிறது என்கிறேன். ஏன் என்று கேள்.

முதலில் அவன் விசிறிக்குச் செதுக்கினான். அது போகட்டும், விசிறி கௌரவமான பொருள். பிறகு விசிட்டிங் கார்டு வைக்கிற உறை. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் தலையில் மாட்டுகிற கிளிப். போன இலையுதிர்காலத்தில் தொகுவோ ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் என்னவோ.

"என்னடா இது, கொசுவலைக் கிழிசலா?" என்றேன்.

"தொங்கட்டான்மா," என்றான் இசாமு. "நகோயாவுல கடையில கேக்கறாங்க. தொகுவோ அரக்குப் பூசித் தருவான்."

"காதுல தொங்கவிடறதுக்கா உங்கப்பன் துவர்ச்சாறு பூசிப் பூசி, புகையறையில கண்ணெரிய உக்காந்து அந்தக் காகிதத்தைப் பதம் பண்ணினான்?"

தொகுவோ சிரித்தான். "பெரியம்மா, கிமோனோ கட்டறவங்க குறைஞ்சுட்டாங்க. காது எல்லாருக்கும் இருக்கு."

"உனக்கு இருக்கா? இருந்தா நான் சொல்றது விழட்டும்." இசாமுவைப் பார்த்துத் திரும்பினேன். "வரவர எலி கொறிச்சது மாதிரிச் சின்னதாக்கிட்டே போறே. முழுத்தாள் ஒண்ணு குத்திக் காட்டு. சுறாத்தோல் மாதிரிப் பொடிப்புள்ளி வரிசை, ஓரத்துலேருந்து ஓரம். அப்போ உங்கப்பன் மகன்னு ஒத்துக்கறேன்."

"சரிம்மா," என்றான்.

நீ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். கிண்ணம் நிரம்பி வழிந்து பாயில் ஓடியது. இந்த வீட்டுக்கு வந்து ஒரு சொட்டு சிந்தாதவள் நீ. அன்று ஏன் சிந்தினாய் என்பது எனக்கு இன்றுவரை கணக்கில் சேரவில்லை.

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க வடக்குச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு குத்தினான். ஊசி திருகுகிற சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்கும். முழுத்தாளின் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு நாள்கூட என்னைக் கூப்பிட்டு, "வானத்துல பிடிச்சுப் பாரும்மா" என்று கொடுக்கவில்லை. முன்பெல்லாம் அவன் தாளை முதலில் பிடித்துப் பார்ப்பது நான். ஒரு புள்ளி விலகினாலும் வெளிச்சத்தில் பல் விழுந்த வாய் மாதிரி காட்டிக்கொடுக்கும். அதை நிறுத்தச் சொன்னவள் நீதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே தாள் இருந்தது. ஒன்று நீ பொய் சொல்கிறாய், அல்லது என் காது பொய் சொல்கிறது. என் காது இதுவரை சொன்னதில்லை.

மாயுவைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளின் பெயரை எழுதி அனுப்பச் சொல். நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

கினு

*

ஷிரோகோ,
ஜூன் 26

சயோகோவுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா, மனசுக்கு முடியவில்லையா? உடம்பு என்றால் ஒரு வரி எழுது.

இங்கே மழை விடவில்லை. சுவரெல்லாம் வியர்க்கிறது. நேற்று அந்த மழையில் தொகுவோ வந்தான். குடையை மடக்கிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி நின்றான். பாதி முடிந்த கிளிப்புகள் அவனிடம் கிடக்கின்றனவாம், கொண்டுவந்து தரவா என்றான்.

"இசாமுவைக் கொண்டுவந்து தா," என்றேன்.

"பெரியம்மா…"

"அவன் செத்த அன்னைக்குக் குடிக்க வச்சு அனுப்பினது நீதானே?"

"அன்னைக்கு அவன் ஒரு சொட்டுகூடத் தொடலை. டீதான் குடிச்சான். எங்க வீட்டுல எல்லாரையும் கேளுங்க."

"குடிக்காதவன் சைக்கிளோட எப்படிடா கால்வாய்க்குள்ள போவான்? பதினாறு வயசுலேருந்து போற ரோடு. கல்லுச் சாமிகிட்ட இடதுபக்கம் திரும்பணும்னு கழுதைக்குக்கூடத் தெரியும்."

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனான் என்பது கால் சத்தத்தில் தெரிந்தது.

அவனுக்கும் உனக்கும் ஏதோ தெரிகிறது. எனக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறீர்கள்.

கருவாடு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். உனக்கில்லை. மாயுவுக்கு.

கினு

*

ஹிரோசாகி,
ஜூலை 19

அத்தைக்கு,

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிஞ்சு ஆப்பிளுக்கு ஒவ்வொன்றாகக் காகித உறை மாட்டுகிற காலம். கழுத்து நிமிரவில்லை. கருவாடு வந்தது. மாயு முதல் நாளே பாதியைத் தீர்த்துவிட்டாள். எனக்கு வால் மட்டும் கொடுத்தாள், "பாட்டி எனக்குத்தான் அனுப்பியிருக்கு" என்றாள்.

தோட்டத்தில் வேலையில்லாத நாளில், அவர் மிச்சம் வைத்துப்போன துண்டுகளைக் கிளிப்பில் ஒட்டி அரக்குப் பூசிப் பூங்காவில் விற்பனைக்கு வைக்கிறேன். இந்த ஊர்ப் பெண்கள் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். அப்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது.

தொகுவோவைத் திட்டாதீர்கள். அவர் சொன்னது உண்மை. இவர் அன்று குடிக்கவில்லை. இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனார். பேச்சில் நேரம் போய்விட்டது போலிருக்கிறது. நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருந்தால்…

வேண்டாம், விடுங்கள்.

வெயில் ஏறுவதற்குள் சமாதிக்குப் போய்விட்டு வந்துவிடுங்கள். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

சயோகோ

*

ஷிரோகோ,
ஆகஸ்ட் 17

சயோகோவுக்கு,

போனவர்கள் வீட்டுக்கு வருகிற மூன்று நாளும் முடிந்தது. அவனுக்கு இது முதல் வருஷம். வாசலில் வெள்ளை விளக்குக் கட்டினேன், வழி தெரியட்டும் என்று. அவன் ஏறி வர வெள்ளரிக்காயில் குச்சி செருகிக் குதிரை செய்து வைத்தேன். நீ வரவில்லை. மாயுவை அனுப்பவில்லை. ரயில் தூரம் என்பாய். செத்தவன் அதைவிடத் தூரத்திலிருந்து வருகிறான்.

ஹமாஜி ஊதுபத்தி கொண்டுவந்தான். கும்பிட்டு எழுந்ததும் அவனைக் கேட்டேன். "இசாமு கடைசியா உன்கிட்டக் கொடுத்த முழுத்தாள் எது?"

அவன் விசிறியை மூடினான். "போன வருஷம் முழுக்க ஒரு தாள்கூடத் தரலீங்க. அதுக்கு முந்தின வருஷமும் ரெண்டுதான். கேட்டா, 'சின்ன வேலை நிறைய இருக்கு'ன்னுவான். நான் வேற யாருக்கோ கொடுக்கறான்னு நெனச்சு வருத்தப்பட்டேன்."

"அவன் அப்பன் காலத்துலேருந்து உன் கடைக்குத்தான் போகுது."

"அதான் எனக்கும் புரியலை பெரியம்மா."

எனக்குப் புரிந்தது. நீ வேறு யாரிடமோ விற்கச் சொல்லியிருக்கிறாய். கடைசித் தாளையும் விற்றிருக்கிறாய். புருஷனின் நெஞ்சில் வைக்க வேண்டியதைத் தூக்கிக் கொடுத்தவளைத் திருடி என்று எழுத எனக்குக் கை கூசவில்லை. எழுதிவிட்டேன், பார்.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம். மாயு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் எழுது.

கினு

*

ஹிரோசாகி,
செப்டம்பர் 15

பாட்டிக்கு,

நலமா? நான் நலம். அம்மாவிடம் கேட்டால் நலம் என்று சொல்லச் சொல்வாள், ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது, அதனால் நானே சொல்கிறேன், நலம்.

முதியோர் நாளுக்கு எல்லாரும் பாட்டிக்குப் பரிசு செய்யணும் என்று டீச்சர் சொன்னார். நான் புத்தகத்தில் வைக்கிற அடையாள அட்டை செய்தேன். நீங்கள் புத்தகம் படிக்க மாட்டீர்கள், நாள்காட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது அப்பா குத்தின பெரிய தாளில் இருந்து. அம்மா நல்ல இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குப்பைக் கூடையில் போட்டாள், அப்புறம் எடுத்தாள், அப்புறம் மறுபடி போட்டாள். நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. மற்ற இடத்தில் புள்ளி எல்லாம் வரிசையாக நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி. இங்கே மழை மாதிரி சாய்ந்து ஓடுகிறது. சிவப்பு நாடா நானே கட்டினேன்.

அப்பா செய்ததிலேயே இதுதான் அழகு. உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?

மாயு

*

ஷிரோகோ,
செப்டம்பர் 24

மாயுக்குட்டிக்கு,

வந்தது. நாள்காட்டியில் வைக்கவில்லை, மடியில் வைத்திருக்கிறேன். நாடா நன்றாகக் கட்டியிருக்கிறாய், முடிச்சு இறுக்கமாக இருக்கிறது. நம்முடைய கோயிலில் வருஷம் முழுக்கப் பூக்கிற மரம் இருக்கிறதே, அதன் இலையைப் புழு அரித்திருந்ததைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலே பிறந்தது என்று சொல்வார்கள். புழு என்ன, வரிசையாகவா அரித்திருக்கும்? அழகாக இருக்கிறது. அடுத்த பக்கத்தை அம்மாவிடம் கொடு. நீ படிக்காதே.

சயோகோவுக்கு,

பின்பக்கத் தோட்டத்தில் நின்று வானத்துக்கு நேரே பிடித்தேன்.

வலதுபக்கம் வரிசை சரியாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு துளையும் வட்டம். பிசிறில்லை, கை நடுங்கவில்லை. குடிகாரன் கை இல்லை. ஆனால் இடதுபக்கம் போகப்போக வரிசை சரிகிறது. மேல் வரிசையில் போய் இடிக்கிறது. இரண்டு துளை ஒன்றாகிக் கிழிந்த இடம்கூட இருக்கிறது. கிழிந்தது தெரியாமல் அதன்மேலேயே குத்திக்கொண்டு போயிருக்கிறான். மேலே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. துளை தெரிகிறது, வரிசை தெரியவில்லை.

திருப்பிப் பார்த்தேன். முதுகுப்பக்கம் நகம் அழுத்திய தடம், எறும்பு போன வழி மாதிரி. நகத்தால் தடவித் தடவி இடம் பார்த்திருக்கிறான்.

விசிறி. பிறகு உறை. பிறகு கிளிப். பிறகு தொங்கட்டான்.

சாப்பிடும்போது இடதுபக்கம் வைத்த ஊறுகாயை அவன் தொடவே மாட்டான். "அம்மா போட்ட ஊறுகாய் இனிக்கலையோ" என்று குத்திக் காட்டுவேன். ஷோகிச்சி எதிரே வந்தும் இவன் பேசாமல் போனான் என்று ஒரு சண்டை. மாயுவின் பள்ளிக்கூட விழாவில் நாற்காலியில் இடித்து விழுந்தான், மானத்தை வாங்குகிறாயே என்றேன். சாயங்காலமானால் வெளியே போகமாட்டான். பெண்டாட்டி முந்தானையிலேயே கிடக்கிறான் என்று ஹட்சுவேயிடம் சொன்னேன்.

கல்லுச் சாமிகிட்ட இடதுபக்கம் திரும்ப வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எப்போதிலிருந்து?

கினு

*

ஹிரோசாகி,
நவம்பர் 21

அத்தைக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. ஆப்பிள் எல்லாம் இறக்கியாயிற்று. ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கடிக்க முடியாவிட்டால் வேகவைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ முறை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்காமல் தபாலில் போட்டுவிடுகிறேன்.

நான்கு வருஷமாக. முதலில் சாயங்காலத்தில் தடுமாறினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். விழிக்குப் பின்னால் இருக்கிற திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, மருந்து இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார், "ரெண்டு பக்கமும் கதவு சாத்திக்கிட்டே வருது சயோ, இடதுபக்கம் முந்திக்கிட்டு. நடுவுல சாவி ஓட்டை மாதிரி ஒண்ணுதான் மிச்சம். அதுக்குள்ள எது அடங்குதோ அதைச் செதுக்கறேன்."

அந்த ஓட்டை வருஷாவருஷம் சிறுத்தது, அத்தை. பொருளும் சிறுத்தது. நீங்கள் சொன்ன வரிசை சரி.

"அம்மாகிட்டச் சொல்லிடலாமே," என்று பலமுறை கேட்டேன். "வேண்டாம். அவ தாளைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி என்னையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பா. ஓட்டை எங்கேன்னு உடனே சொல்லிடுவா" என்று சிரித்தார்.

போன குளிர்காலத்தில் ஒரு முழுத்தாள் செதுக்க வேண்டும் என்று உட்கார்ந்தார். ஏன் என்று நான் எழுதமாட்டேன். நான் தடுக்கவில்லை. அவர் போன அன்று மதியம் முடித்தார். தாளை என்னிடம் கொடுத்து, "நீ பிடிச்சுப் பாரு. எப்படி இருக்கு?" என்றார். நான் சன்னலில் பிடித்தேன். பார்த்தேன். "நல்லாயிருக்கு" என்றேன்.

"வரிசை?"

"வரிசையெல்லாம் சரியா இருக்கு."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, சைக்கிளை எடுத்தார். "தொகுவோகிட்டப் போயிட்டு இருட்டறதுக்குள்ள வந்துடறேன்" என்றார். வெகுநாளைக்குப் பிறகு சீட்டியடித்துக்கொண்டு போனார்.

பெட்டியில் எப்படி வைப்பேன்? ஹமாஜி இருக்கிறார், ஷோகிச்சி மாமா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். ஒருவர் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கினால் போதும். நல்லாயிருக்கு என்று நம்பிப் போனவர். அவர் நெஞ்சின்மேலேயே அது பொய் என்று காட்டச் சொல்கிறீர்களா? திருடி என்ற பெயர் எனக்குப் பாரமில்லை. நல்ல இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியை எரித்துவிடலாம் என்று நினைத்தேன். எரிக்கவும் முடியவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார். அதை மட்டும்தான் தினமும் நினைக்கிறேன்.

குளிருக்கு முன் சன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டச் சொல்லுங்கள்.

சயோகோ

*

ஷிரோகோ,
பிப்ரவரி 6, 2005

சயோகோவுக்கு,

அவன் போய் ஒரு வருஷம். ஆப்பிள் வேகவைத்துத் தின்றேன். சன்னலுக்குக் காகிதம் ஒட்டியாயிற்று. ஒட்டியது தொகுவோ.

உன் கடிதம் வந்ததும் பதில் எழுதவில்லை, கோபத்தால் இல்லை. ஒரு விஷயம் தெரியாமல் எழுதக்கூடாது என்று இருந்தேன். தொகுவோவின் வீட்டுக்கு நடந்தே போனேன். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டான், கையிலிருந்த அரக்குத் தூரிகையைக் கீழே போட்டான். அவன் பெண்சாதி போட்ட தேநீரைக் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கு இசாமு உன்கிட்ட என்னடா சொன்னான்? ஒரு வார்த்தை விடாமச் சொல்லு. கூட்டினாலும் எனக்குத் தெரியும், குறைச்சாலும் தெரியும்."

அவன் அழுதுவிட்டுச் சொன்னான். அப்படியே எழுதுகிறேன்.

"'முழுத்தாள் போச்சுடா தொகுவோ'ன்னான். 'நகத்தால தடவிப் பாத்தேன். பாதிக்கு மேல வரிசையே இல்லை. ஆனா சயோ ஜன்னல்ல பிடிச்சுப் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்றா. குரல்கூட நடுங்கலை. இப்படி ஒருத்தி இருக்கறப்ப நான் எதுக்குடா பயப்படறேன்? நாளைக்கு அம்மாகிட்டச் சொல்லிடறேன். திட்டுவா. திட்டட்டும். அப்புறம் நிம்மதியா காதுக்கே செதுக்கறேன்'ன்னான். சிரிச்சான் பெரியம்மா. ரொம்ப நேரம் அதையும் இதையும் பேசினோம். வெளியில பாத்தா இருட்ட ஆரம்பிச்சுருந்தது. கொண்டு விடறேன்னேன். 'வேண்டாம், பழகின ரோடு'ன்னான்."

கேட்டுக்கொண்டாயா? நீ அவனை ஏமாற்றவில்லை. முதுகுப்பக்கத்து நகத்தடம் கோணல் வரிசை மேலேயும் போகிறது என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சீட்டியடித்தான். ஆகையால் தினமும் நினைக்கிறாயே, அதை இன்றோடு நிறுத்து.

உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். எனக்குப் பழக்கமில்லை. விலாங்குக் கருவாடு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை உனக்கு. மாயு கேட்டால் வால் கொடு.

தாளின் மீதியை எரிக்காதே, வெட்டாதே. வெட்டிய நல்ல துண்டுகளைக் கிளிப்பாக்கி எத்தனை பெண்களின் தலையில் வேண்டுமானாலும் மாட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு ஜோடி தொங்கட்டான் எனக்கும் செய்து அனுப்பு. எனக்குக் காது குத்தவில்லை, திருகிக் கவ்வுகிற மாதிரி இருக்கட்டும். ஹட்சுவே சிரிப்பாள். அவள் சிரித்த நாளை நான் குறித்துக்கொள்வேன்.

மழை மாதிரி ஓடுகிற அந்தக் கோணல் பகுதியை மட்டும் தட்டையாக, ஈரம் படாமல் வை. நான் போகும்போது நீயும் மாயுவும் வந்து அதை என் நெஞ்சில் வையுங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். நான் கொண்டுபோய் அவனிடம் சேர்க்கிறேன். வெறுங்கையோடு போனவன், அவனுடைய பொருளை அவன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது அன்றைக்கு இருந்தவர்களை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். ஷோகிச்சி உன்னைக் கூட்டத்தில் கேட்டதைப் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன், கிழவருக்குக் காது மந்தம், மூளையும் அப்படித்தான். ஹமாஜி சந்தேகப்பட்டதையும் விட்டேன். பிக்கு மந்திரத்தைச் சுருக்கியதைக்கூட விட்டேன். தொகுவோ இருட்டில் தனியாக அனுப்பியதை விட்டேன், அவன் சுமக்கிறது அவனுக்குப் போதும். உன்னை விட்டாயிற்று, கருவாடு வந்துவிடும். மாயுவிடம் எனக்கு எப்போதும் கோபம் ஒன்றுமில்லை.

பெட்டிக்குள் படுத்திருந்தவனைத்தான் அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. நாளைக்கு அம்மாவிடம் சொல்கிறேன் என்றானாமே. இன்றைக்குச் சொல்ல என்ன? நான் சமையலறையில்தான் இருந்தேன். நடுவில் ஒரு கதவு. அவனுக்கு வலதுகைப் பக்கம்தான். நான் திட்டியிருப்பேன். ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஊறுகாய்க் கிண்ணத்தை எடுத்து அந்த வலதுபக்கம் வைத்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் மாயுவைத் தனியாக அனுப்பாதே. வசந்தத்தில் இரண்டு பேரும் வாருங்கள்.

எல்லாரையும் விட்டுவிட்டேன். ஒருவனைத் தவிர. அவனை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

இசாமு.

கினு